பணி கைமாறும் அந்தக் கால் மணி நேரம்

சிறைத்துறையின் பொறுப்பில் உள்ள மதிப்பிற்குரிய உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாகத் தொகுதிக் காவலில் நிற்கும் சிறைக்காவலர் என்ற முறையில், பணி அட்டவணையில் எங்கும் இடம்பெறாத கால் மணி நேரத்தைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு பணிமுறை முடிந்து அடுத்தது தொடங்கும்போது சாவிக்கொத்தும், கையொப்பமிட்ட பதிவேடும், சரிபார்த்த தலைக்கணக்கும் கைமாறுகின்றன. கணக்கில் ஒருவர் குறைந்தாலும் யாரும் வாயிலைத் தாண்ட முடியாது, அது முறைதான். ஆனால் அன்று யார் சாப்பிடவில்லை, யாருக்கு வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தது என்பதைச் சொல்ல அங்கே நேரம் ஒதுக்கப்படவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பிணை மனு தள்ளுபடியாகி நீதிமன்றத்திலிருந்து திரும்பிய இளைஞர் ஒருவர், மாலை உணவைத் தொடாமல், தம்மிடமிருந்த சோப்பையும் மாற்றுத் துணியையும் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார். நான் அதைப் பார்த்தேன். என்னை மாற்ற வந்தவரோ அன்றிரவு நான்கு தொகுதிகளுக்கும் ஒற்றை ஆளாக இருந்ததால், மூச்சிரைக்க வந்து சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் மனம் உறுத்த, கட்டுப்பாட்டு அறையைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். இன்னும் சில நிமிடங்கள் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று மருத்துவர் பிறகு கூறினார்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட, சிறைவாசிகளை நடத்தும் முறைக்கான நெல்சன் மண்டேலா விதிகள் 122இல், 74ஆவது விதி சிறைப்பணியை மிக முக்கியமான சமூகச் சேவை என்கிறது. பணியின் கடுமைக்கு ஏற்ற பணி நிலைமைகளையும் கோருகிறது. சிறைவாசிகளின் மனநலச் சிக்கல்களைத் தொடக்கத்திலேயே கண்டறிவது ஊழியர் பயிற்சியில் இடம்பெற வேண்டும் என்பது 76ஆவது விதி. எனக்குக் கிடைத்த பயிற்சியில் அணிவகுப்புக்கு வாரங்கள் இருந்தன. இதற்கு ஒரு பிற்பகல்கூட இல்லை. அப்படியே கண்டறிந்தாலும், அடுத்தவரிடம் சொல்ல வாய்ப்பில்லாவிட்டால் அந்த அறிவு என்னோடு வாயிலைத் தாண்டிப் போய்விடுகிறது.

புதிதாகப் பொருத்தப்பட்ட கேமராக்கள் ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்யும் என்று கூட்டங்களில் சொல்லப்படுகிறது. அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சோப்பைக் கொடுத்த கையைக் கேமராவும்தான் பதிவு செய்திருக்கும். அதன் பொருளை உணர, அந்த மனிதரோடு பேசிப் பழகிய ஒருவர் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. இரு பணிமுறைகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் 15 நிமிடங்களை ஊதியத்துக்குரிய பணிநேரமாக அறிவியுங்கள். பதிவேட்டில் கணக்குக்குக் கீழே, கவனிக்க வேண்டியவர்களின் பெயரையும் காரணத்தையும் எழுத ஒரு பத்தி சேருங்கள். இரவில் ஒருவரே பல தொகுதிகளைப் பார்க்கும் ஏற்பாட்டை நிறுத்துங்கள். இதற்குச் செலவாகும் என்பதை அறிவேன்.

அந்த மாலை நான் கையொப்பமிட்ட பக்கம் இன்னும் பதிவேட்டில் இருக்கும். அதில் என் கையெழுத்தில் உள்ளது இவ்வளவுதான்: தொகுதி அமைதி, கணக்குச் சரி.

இப்படிக்கு,
ஒரு சிறைக்காவலர்