முடக்குவாத நோயாளிகள் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் நம் குழுவில் சுற்றிய 'தங்க நானோ சொட்டு' வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். உடம்பின் தற்காப்பே உடம்பைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய்களை அமெரிக்க விஞ்ஞானிகள் நானோ துகளால் குணமாக்கிவிட்டார்களாம். அதே தொழில்நுட்பம் இப்போது சொட்டு மருந்தாக வந்திருக்கிறதாம். முன்பணம் கட்டினால் தள்ளுபடியும் உண்டாம். அதைப் பார்த்துவிட்டு, நம் மூட்டு நோய்க்காக வாராவாரம் போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நிறுத்திவிட்டதாக ஒரு அக்கா எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்புகளும் பூங்கொத்துகளும். "ஏன்க்கா நிறுத்தினீங்க?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வீடியோ முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். அதன் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள்.

அந்த உண்மை இதுதான். நம் உடம்பில் அன்றாடம் கோடிக்கணக்கான செல்கள் இறக்கின்றன. மண்ணீரலும் கல்லீரலும் அவற்றைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்துகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டு பதறுவதில்லை. அந்தப் பாதையிலேயே 'இது எதிரி இல்லை' என்ற தகவலை அனுப்ப முடியுமா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் சிகாகோ நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மில்லர். நோயாளியின் வெள்ளணுக்களையே எடுத்து, உடம்பு தவறாகத் தாக்குகிற புரதத்தின் துணுக்குகளை அவற்றில் ஒட்டித் திரும்ப ஏற்றுவது முதல் வழி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 9 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனியாகச் செல்களைப் பிரித்துத் தயாரிப்பது எவ்வளவு பெரிய வேலை, எவ்வளவு செலவு! செல்லுக்குப் பதிலாகத்தான் துகள் வந்தது. தானாகக் கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பாலிமர் வகைதான் அது. அளவு சுமார் 500 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது. 2012-ல் இதே குழு எலிகளில் இது வேலை செய்வதைக் காட்டியது.

நாம் இப்போது சாப்பிடும் மருந்துகளோடு இதை ஒப்பிட்டால் ஆசை வரத்தான் செய்யும். நம் நோயில் எதிர்ப்பு மண்டலம், திருடனை விட்டுவிட்டு வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும் வீட்டு நாய் மாதிரி. மெத்தோட்ரெக்ஸேட், ஸ்டீராய்டு எல்லாம் நாய்க்கு வாய்ப்பூட்டு போடுகின்றன. துகள் சிகிச்சையோ பிள்ளையை அடையாளம் காட்டப் பார்க்கிறது. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலும் வாய்ப்புண்ணுமாகக் கிடக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று எனக்கும் தெரியும்.

சரி, மனிதர்களிடம் எதுவரை வந்திருக்கிறது? எனக்குத் தெரிந்தவரை சீலியாக் நோயில்தான் ஓரளவு தெளிவான முடிவு உண்டு. கோதுமையின் குளூட்டன் புரதத்தைக் கண்டதும் குடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய் அது. குளூட்டனின் ஒரு பகுதியான கிளையாடினைத் துகளுக்குள் அடைத்து, ரத்தக் குழாய் வழியாக இரண்டு முறை ஏற்றினார்கள். பிறகு நோயாளிகளுக்கு 14 நாட்கள் வேண்டுமென்றே குளூட்டன் கொடுத்தார்கள். நோயைக் கிளப்பும் தற்காப்பு அணுக்களின் துடிப்பு, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத திரவம் ஏற்றியவர்களைவிட 88 சதவீதம் குறைவாக இருந்தது. 2021-ல் வெளியான இந்த ஆய்வில் சேர்ந்தவர்களே முப்பத்திச் சொச்சம் பேர்தான். குடல் சிதைவும் குறைந்தது போலத் தெரிந்தது. ஆனால் இத்தனை சிறிய ஆய்வை வைத்து அதை அடித்துச் சொல்ல முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது துகளை அல்ல, அதற்குள் என்ன வைத்தார்கள் என்பதைத்தான். சீலியாக்கில் உடம்பு எதைக் கண்டு கொதிக்கிறது என்று தெரியும், அதை உள்ளே வைத்தார்கள். நம் நோயில் அது ஒன்றல்ல. நாம் எல்லோரும் எடுத்திருக்கும் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். சிட்ருலினேற்றம் என்ற வேதி மாற்றம் அடைந்த புரதங்களை உடம்பு எதிர்க்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஃபைப்ரினோஜன், விமென்டின், கொலாஜன் என்று அந்தப் பட்டியல் நீளும். ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ரஞ்செனி தாமஸ் குழுவினர் கொலாஜன் துணுக்கையும் வைட்டமின் டி-யின் செயல்படு வடிவத்தையும் மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் வைத்து, முடக்குவாத நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் ஒரே ஒரு ஊசியாகப் போட்டார்கள். 2022-ல் வந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் 17 பேர், அதுவும் முதல் கட்டம். நம் நோய்க்கு இந்த வழியில் உண்மையாக நடந்திருக்கும் வேலை என்றால் இதைத்தான் சொல்வேன். வீடியோக்காரர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இது விளையாட்டான விஷயமும் இல்லை. 2000-ல் முடிவு வெளியான, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்காக, துகள் எதுவுமில்லாமல், மாற்றியமைத்த புரதத் துணுக்கை ஊசியாகக் கொடுத்த ஓர் ஆய்வில் சிலருக்கு நோய் கூடிவிட்டது. பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அடையாளம் காட்டப் போய்த் தூண்டிவிட்ட கதை.

அப்புறம் அந்தத் தங்கம். தங்க உப்பு ஊசி முடக்குவாதத்துக்கு ஒரு காலத்தில் முக்கிய மருந்தாக இருந்தது. பிரான்ஸ் மருத்துவர் ஜாக் ஃபோரெஸ்டியே 1929-லேயே அதைப் பற்றி எழுதினார். சிறுநீரகத்தையும் ரத்த அணுக்களையும் பாதிக்கும் என்பதால் அடிக்கடி சோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து. நல்ல மருந்துகள் வந்தபின் அது ஓரங்கட்டப்பட்டது. பழைய தங்க ஊசியின் பெயரையும் புதிய துகள் ஆய்வின் பெயரையும் சேர்த்து ஒட்டி, நடுவில் தன் பாட்டிலை வைத்திருக்கிறார் இந்த வியாபாரி. சொட்டில் என்ன இருக்கிறது என்று கடைசிவரை சொல்லவில்லை.

நிர்வாகிகளே, பணம் கேட்கும் மருந்து வீடியோக்களை உடனே நீக்குங்கள். ஆராய்ச்சிச் செய்திகள் தாராளமாக வரட்டும், எனக்கும் அவை வேண்டும். ஆனால் போடுகிறவர் எலியிலா மனிதரிலா, எந்த நோய்க்கு, துகளுக்குள் என்ன என்ற மூன்றையும் சேர்த்து எழுதட்டும். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதினாலும் போதும். மருந்தை நிறுத்திய அந்த அக்காவிடம் யாராவது இன்றே பேசுங்கள். வலி திரும்பி வந்தால் மாத்திரையால் மறுபடி அடக்கப் பார்க்கலாம், அரிக்கப்பட்ட மூட்டு பழையபடி ஆகாது.

இன்னொன்று. 'இது கிளினிக்கல் ட்ரயல், அதனால்தான் குறைந்த விலை' என்று அந்த வியாபாரி தனியாகச் சிலருக்குச் செய்தி அனுப்புகிறாராம். இந்தியாவில் மருந்து ஆய்வு தொடங்கும் முன் சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அவரிடம் பதிவு எண்ணைக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் குழுவில் போடுகிறேன்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர் ஒருவர்