உன் பாதியை நீ பாடு

அன்புள்ள அம்முவுக்கு,

நீயும் அந்தப் பையனும் பிரிந்ததைப் பற்றி நீ எழுதி அனுப்பிய மூன்று பாட்டையும் கேட்டோம். மூன்றாவதை அம்மா திரும்பவும் போடச் சொன்னாள். "இதையெல்லாம் ஆல்பமா வெளியிட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமாப்பா?" என்று கேட்டாயே, அதற்குப் போனில் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு வார்த்தை கூடிவரும். எங்களுக்குச் சங்கடம் எதுவும் இல்லை. தாராளமாக வெளியிடு.

நீதான் எனக்கு அமெரிக்கப் பாடகர் ஜேசன் இஸ்பெல்லைப் பழக்கிவிட்டாய். குடியை விட்டு மீண்டு வந்து 2013-ல் அவர் கொடுத்த 'சவுத்ஈஸ்டர்ன்' ஆல்பத்தில் முதல் பாட்டே அமாண்டா ஷயர்ஸுக்காக எழுதியதுதான். அந்த வருடமே இருவருக்கும் கல்யாணம். அந்தப் பெண்ணும் தனியாக ஆல்பங்கள் போட்டவர், வயலின்காரர், கணவருடைய குழுவிலும் வாசித்தவர். பத்து வருடம் கழித்து, 2023 டிசம்பரில், இஸ்பெல் விவாகரத்துக்கு மனுப்போட்டார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஆல்பங்களை நீ அடுத்தடுத்து வைத்துக் கேட்க வேண்டும். 2025 மார்ச்சில் இஸ்பெல்லின் 'ஃபாக்ஸஸ் இன் தி ஸ்னோ' வந்தது. குழு கிடையாது, டிரம்ஸ் கிடையாது. 1940-ல் செய்த ஒரு மார்ட்டின் கிதாரும் அவர் குரலும்தான். நியூயார்க்கில் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் ஐந்தே நாளில் பதிவு செய்திருக்கிறார். முதல் பாட்டு அந்தக் கிதாரும் இல்லாமல் வெறும் குரலில் தொடங்குகிறது. தடுக்கி விழுந்தால் பிடிக்க யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் தானாகப் போய் நிற்கிறார் என்று அந்தச் சில நொடிகளிலேயே தெரிந்துவிடும். இன்னொரு பாட்டில், தன் பழைய காதல் பாட்டுகளுக்கெல்லாம் இன்று வேறு அர்த்தம் வந்துவிட்டதே என்று வருத்தம் தெரிவிக்கிறார். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

அதே வருடம் செப்டம்பரில் ஷயர்ஸின் 'நோபடிஸ் கேர்ள்' வந்தது. அதே கல்யாணம், அதே பிரிவு, ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து. துக்கத்தையும் கோபத்தையும் ஒளிக்காமல் பாடுகிறார். பாட்டாகப் பார்த்தால் எனக்கு இஸ்பெல்லுடையதுதான் கொஞ்சம் கூடப் பிடிக்கிறது. துணிச்சல் என்று பார்த்தால் ஷயர்ஸுடையது. ஊர் முழுக்க ஒரு பக்கக் கதையைக் கேட்டு முடித்த பிறகு வந்து தன் பக்கத்தைப் பாடுவது லேசில்லை. இரண்டையும் கேட்டுவிட்டு யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவரவர் பாதியை அவரவர் பாடியிருக்கிறார்கள்.

உன் பாட்டுக்கு வருகிறேன். இரண்டாவது பாட்டில், அந்தப் பையனுடைய அம்மா அன்றைக்கு மனதுக்குள் என்ன நினைத்தார் என்று இரண்டு வரி வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடும்மா. அவர் என்ன நினைத்தார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் சாமான்களைப் பிரித்துக்கொண்டபோது இட்லித்தட்டு அவன் பெட்டியோடு போய்விட்டதும், ஞாயிற்றுக்கிழமை மாவைக் கரைத்து வைத்துவிட்டு நீ தட்டைத் தேடியதும் வருகிறதே, அந்த இடம் முழுக்க உன்னுடையது. அதில் ஒரு சொல்லையும் மாற்றாதே. கேட்கிறவர்களுக்கு இட்லித்தட்டு புரியுமா என்று கவலைப்படவும் வேண்டாம். அலபாமாவில் பிறந்தவர் பாடுவது எனக்குப் புரியவில்லையா?

அப்புறம், அவசரப்படாதே. ஜோடியாகப் பாடும் கிலியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் அமெரிக்காவில் நாஷ்வில்லில் வைத்திருக்கும் உட்லண்ட் ஸ்டுடியோவை 2020 மார்ச்சில் சூறாவளி தாக்கியது. கூரை பிய்ந்து மழை உள்ளே கொட்ட, இருவரும் நடுராத்திரியில் இருட்டில் ஓடிப்போய்த் தங்கள் பாட்டுகளின் மூலப் பதிவுகளான மாஸ்டர் டேப்புகளைக் கையால் தூக்கிக் காப்பாற்றினார்கள். அந்த டேப்புகள் அன்றைக்கு நனைந்து போயிருந்தால் அவ்வளவு வருட உழைப்பும் போயிருக்கும். மறுமாதமே அந்த ராத்திரியைப் பாட்டாக்கியிருக்கலாம். அவர்களோ கட்டடத்தைச் சரிசெய்து, 2024 ஆகஸ்டில்தான் புதிய பாட்டுகளோடு வந்தார்கள். ஆல்பத்துக்கு அந்த ஸ்டுடியோவின் பெயரையே வைத்தார்கள். சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி அதற்குத்தான் கிடைத்தது. அதில் ஒரு பாட்டு, அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த பாடகர் கய் கிளார்க்கின் மறைவிலிருந்து பிறந்தது. கிளார்க் இறந்தது 2016-ல். பாட்டு வெளியே வர எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

உன்னை எட்டு வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை. முதல் பாட்டில் இன்னும் கொஞ்சம் சூடு தணியட்டும் என்றுதான் சொல்கிறேன். மற்ற இரண்டும் இப்போதே தயார்.

அத்தை, சித்தப்பா என்ன சொல்வார்களோ என்று நீ யோசிக்கவே வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டுடியோவுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து எழுது. அங்கே வருகிறவர்கள் யாரிடமாவது புது இட்லித்தட்டு ஒன்று கொடுத்தனுப்ப அம்மா ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா