விலான் மாற்றுபவர்கள் கவனத்திற்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

"ஸ்விட்ச்ல விலான் போட்டாச்சு, விஎம்முக்கு ஐபி வரல" என்று இந்த வாரம் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். (விலான் என்பது ஒரே ஸ்விட்ச்சில் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை; விஎம் என்பது சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி.) முதலில் பார்க்க வேண்டியது, சர்வர் செருகியிருக்கும் போர்ட். அது ஆக்சஸ் மோடில் இருந்தால் ஒரே விலான்தான் போகும். பல விலான்களில் விஎம் ஓட்டும் ஹோஸ்டுக்கு, அதாவது அந்த சர்வருக்கு, ட்ரங்க் (ஒரே போர்ட்டில் பல விலான்களைக் கடத்தும் மோடு) வேண்டும்.

விஎம் ஓட்டும் மென்பொருள் பிராக்ஸ்மாக்ஸ் என்றால், அதன் பிரிட்ஜில் (விஎம்களை நிஜ போர்ட்டோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) 'விலான் அவேர்' டிக் செய்து, விஎம்மின் நெட்வொர்க் கார்டில் டேக் (பாக்கெட் எந்த விலானுக்கு என்று சொல்லும் எண்), உதாரணமாக 20, கொடுத்தால் போதும். விஎம்முக்கு உள்ளேயும் போய் டேக் போடாதீர்கள். பிரிட்ஜ் டேக்கைக் கழற்றிவிட்டுத்தான் பாக்கெட்டை உள்ளே விடும். சந்தேகமா? ஹோஸ்டின் நிஜ போர்ட்டில் டிசிபிடம்ப்பை (போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) 'இ' (-e) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். டேக் வருகிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். சிஸ்கோ ஸ்விட்ச்சில் 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான்' கட்டளையில் புது எண்ணைச் சேர்க்கும்போது 'ஆட்' (add) என்ற சொல் கட்டாயம். விட்டால் பழைய பட்டியல் முழுதும் போய் அந்த ஒரு எண் மட்டும் மிஞ்சும். நான் ஒருமுறை ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து 30 என்று மட்டும் அடித்தேன். என் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து ஸ்விட்ச்சுக்குள் நுழையும் இணைப்பு) அங்கேயே உறைந்தது, கூடவே ஒரு மாடி முழுக்க போனும் நின்றது. விடியுமுன் கன்சோல் கேபிளோடு (ஸ்விட்ச்சில் நேரடியாகச் செருகும் கேபிள்) நேரில் போக வேண்டியதாயிற்று.

அதனால் தொலைவிலிருந்து தொடும் முன் 'ரீலோட் இன் 10' கொடுங்கள், கான்ஃபிக்கை சேவ் செய்யாதீர்கள். இணைப்பு போனாலும் பத்து நிமிடம் கழித்து ஸ்விட்ச் தானே ரீபூட் ஆகி, சேவ் செய்திருந்த பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்', பிறகு சேவ்.

இன்னும் சிக்கியிருப்பவர்கள் போர்ட் கான்ஃபிக்கைப் படமாக இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன். பாஸ்வேர்டு வரிகளை மறைத்துவிடுங்கள்.