பாகத்தை மாற்றும் முன் பழுதைக் கண்டுபிடியுங்கள்

கோவையில் என் காருக்கு சர்வீஸ் செய்யும் நிலையத்தின் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோபியிலிருந்து எழுதுகிறேன். சிக்னலில் நின்றாலே ஆஃப் ஆகிவிடும் பெட்ரோல் கார் என்றால் உங்களுக்கு ஞாபகம் வரும். மூன்று முறை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஸ்பார்க் பிளக், திராட்டில் பாடி, அப்புறம் பியூயல் பம்ப் என்று வரிசையாக மாற்றினீர்கள். மூன்று பில்லும் சேர்ந்து 21,400 ரூபாய்.

போன ஞாயிறு தாளவாடியில் சீர் முடிந்து திரும்பினோம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டோம். எதிரே கரும்பு லாரி திரும்பட்டும் என்று கிளட்சை மிதித்தேன். வண்டி உதறி நின்றுவிட்டது. ஸ்டியரிங் இறுகிப்போனது. பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்தது. எழுந்து நின்று மிதிக்காத குறைதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். பின்சீட்டில் எண்பது வயது அம்மிச்சி பண்ணாரி அம்மனைக் கூப்பிட்டபடியே என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

இஞ்சின் நின்றாலும் ஒன்றிரண்டு மிதிக்காவது, பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டரில் வேக்யூம் (இஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் வரும் வெற்றிடம்) இருக்க வேண்டும். எனக்கு முதல் மிதியே கல். "பிரேக்கும் இறுகுதுங்க" என்று இரண்டாம் முறை வந்தபோதே சொன்னேன். வண்டியின் குறைகளை எழுதும் ஜாப் கார்டில் அதை எழுதக்கூட இல்லை. கம்ப்யூட்டர் ஸ்கேனரில் பழுதுக் குறியீடு எதுவும் வரவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்றார்கள் உங்கள் ஆட்கள்.

சத்தியமங்கலத்தில் ஒரு மெக்கானிக் வண்டியை ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடவிட்டு, ஹோஸ்களின் (ரப்பர் குழாய்களின்) மேல் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். பிரேக் பூஸ்டர் ஹோஸ் பக்கம் வந்ததும் இஞ்சின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) மாறியது. கழற்றி வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அது வழியாகக் கூடுதல் காற்று போய் ஐடிலில் இஞ்சினை நிறுத்துகிறது, பூஸ்டரில் வேக்யூமும் நிற்பதில்லை. ஓட்டத்தில் அந்தக் காற்று பெரிதாகத் தெரியாது. இதைக் கண்டுபிடிப்பது பத்து நிமிட வேலைங்க.

பம்ப்செட்டுக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர் கோவை. கிணற்று மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்லும் ஆட்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்த ஊரில் கம்ப்யூட்டர் சொல்லாததை மனிதர்களும் தேடாமல் விடுவது மனதை உறுத்துகிறது. புதுப் பையன்களைக் குறை சொல்லவில்லை. காதால் கேட்கவும் கையால் தொட்டுப் பார்க்கவும் அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.

கேட்பது இதுதான். பாகத்தை மாற்றும் முன் பழுதைக் கண்டுபிடியுங்கள். வண்டி சூடான பிறகு, ஏசி போட்டு, ஐடிலில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் சொல்வதை ஜாப் கார்டில் அப்படியே எழுதுங்கள். எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்று பில்லோடு எழுதிக் கொடுங்கள்.

ஹோஸை இப்போதைக்கு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை வண்டியோடு வருகிறேன். புது ஹோஸ் மாட்டித் தாருங்கள். தேவையில்லாமல் மாற்றிய பாகங்களுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் அன்றே உட்கார்ந்து பேசிவிடலாம். தயவுசெய்து அன்று நீங்களும் இருங்கள்.

இப்படிக்கு,
கோபி வாடிக்கையாளர்