வரதராஜபுரத்தில் வீடு வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிரகப்பிரவேசத்தன்று எல்லாரும் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்கா மட்டும் எங்கே போனாள் என்று கேட்டாயே, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்கப் போயிருந்தேன். முன்பக்கம் புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் மோட்டார் ரூமை ஒட்டி அடிக்காமல் விட்ட இடத்தில், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. "இந்தத் தெருவுக்கெல்லாம் தண்ணி ஏறாது மேடம்" என்று உன் புரோக்கர் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல நாளும் அதுவுமாக வாயைத் திறப்பானேன் என்று கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது ஆவணி முடியப் போகிறது. ஐப்பசிக்குள் வெள்ளத்தைப் பற்றி உனக்குச் சிலது தெரிந்தாக வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

தாம்பரம் பக்கம் அடையாற்றை ஒட்டி வீடு வாங்கியிருக்கிறாய், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள். மழை வந்துவிட்டால் சென்னை முழுக்க எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்றுதான் டிவியில் பார்ப்பார்கள். 24 அடி நிரம்பினால் பயம். நீயும் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவாய். செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், உன் வீட்டைத் தாண்டிக் கீழே. உன் வீட்டுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் கலங்கல் போய், அதாவது நிரம்பி வழிந்து, ஆற்றில் விழும் தண்ணீர். அங்கே மதகை யாரும் திறக்க வேண்டியதில்லை, முன்னறிவிப்பும் பெரிதாக இருக்காது. ஏரி நிரம்பினால் தானாக வழியும், அவ்வளவுதான். ஆகவே உனக்கு முக்கியம் ஆதனூர்ப் பக்கம் குடியிருக்கும் யாராவது ஒருவருடைய போன் நம்பர். எனக்கு அப்படி ஒரு பால்காரர் இருக்கிறார். அவர் "கலங்கல் போகுதும்மா" என்றால், எனக்கு அது செய்தி சேனலைவிடப் பெரிசு.

2015-ல் எங்களுக்கு இது தெரியாது. நவம்பர் நடுவிலேயே ஒரு வெள்ளம் வந்தது. வடிந்தது, கழுவினோம், நனைந்த மெத்தையைத் தூக்கிப் போட்டுப் புது மெத்தை வாங்கினோம். ஒரு தடவை வந்தாச்சு, இனி அடுத்த வருஷம்தான் என்று நினைத்தோம். டிசம்பர் 1 அன்று பிடித்த மழை, மறுநாள் காலை வரை தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. வாசலில் மணல் மூட்டை அடுக்கி, கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்துவிட்டு, உன் மாமாவும் நானும் ஹாலில் காவல் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரவே இல்லை. பாத்ரூம் தரையில் சாக்கடை போகும் ஜல்லடை இருக்கிறதல்லவா, அதற்குள்ளிருந்து களக் களக் என்று ஒரு சத்தம். பார்த்தால் கறுப்பாகக் குமிழி விட்டுக்கொண்டு ஏறுகிறது. அரைமணியில் முழங்கால். அப்புறம்தான் வாசல்.

ஆகவே மணல் மூட்டையை வாசலுக்கு மட்டும் வைக்காதே. ஒரு பாலிதீன் பையில் மணலைக் கட்டி பாத்ரூம் ஓட்டைமேலும், இன்னொன்றை இந்தியன் டாய்லெட் குழிக்குள்ளும் வை. வெள்ளத்தை நிறுத்தாது, ஆனால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மெயினை அணைக்கலாம், சிலிண்டரைக் கழற்றலாம். சிலிண்டர் மிதக்கும், தெரியுமா? எங்கள் வீட்டுச் சிலிண்டர் சமையலறையிலிருந்து மிதந்து வந்து ஃபிரிட்ஜை இடித்துக்கொண்டிருந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டிவிடு. மெயின் சுவிட்ச் விஷயத்தில் மட்டும் வீரம் வேண்டாம். காலடியில் தண்ணீர் வந்துவிட்டால் அதைத் தொடாதே. தொடுவதாக இருந்தால் தரை காய்ந்திருக்கும்போதே. இன்வெர்ட்டர் பேட்டரியைக் கட்டிலடியில் வைத்திருக்கிறாய், அதை மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்று.

ரெட் அலர்ட் என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம். அறிவிப்பைக் கேட்டதும் செய்யவேண்டிய முதல் வேலை, மேல் டேங்க்கை வழிய வழிய நிரப்புவது. தண்ணீர் ஏறினால் ஈ.பி.க்காரர்களே டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தவும் வேண்டும். அப்புறம் மோட்டார் ஓடாது. சம்பில் சாக்கடை கலந்துவிடும், அதைத் தொடவும் முடியாது. குடிக்க நாலு கேன் தனியாக வை.

பணம். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த ஒரு விஷயத்தில்தான் நான் அசந்துவிட்டேன். பர்ஸில் இருந்தது 140 ரூபாய். கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஜிபே இல்லை. பால் பாக்கெட் ஒருவன் இரண்டு மடங்குக்கு விற்கிறான், அதையும் ரொக்கமாகக் கொடு என்கிறான். இப்போது அரிசி டப்பாவுக்குப் பின்னால் 5,000 ரூபாய், எல்லாம் நூறும் ஐம்பதுமாக வைத்திருக்கிறேன். ஐநூறு ரூபாய்த் தாளுக்கு அன்றைக்குச் சில்லறை தர ஆளில்லை.

அம்மாவுடைய இன்சுலின்தான் என் பெரிய கவலை. பிரித்த பாட்டில் அதிக வெயில் படாமல் இருந்தால் சில வாரம் வெளியே தாங்கும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பிரிக்காததுக்கு ஒரு சின்ன மண்பானை வாங்கு. பெரிய மண்தொட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் பானையை இறக்கி, பாட்டிலை டப்பாவில் வைத்து உள்ளே வை. ஊரில் பாட்டி தயிருக்குச் செய்தது நினைவிருக்கிறதா, அதே வேலைதான். ஊசியும் மாத்திரையும் பத்து நாளைக்குக் கூடுதலாக இருக்கட்டும். தண்ணீர் வடிந்தபின் சேற்றில் வெறுங்காலோடு யாரையும் இறங்க விடாதே. எலிக்காய்ச்சல் அதில்தான் வருகிறது, சர்க்கரை உள்ளவர்கள் காலில் ஒரு கீறல் போதும்.

பத்திரங்களை ஸ்கேன் பண்ணி டிஜிலாக்கரிலும் என் மெயிலிலும் போடு. வீட்டு இன்ஷூரன்ஸ் எடு. 2021-லிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி பாலிசி தருகிறார்கள், வெள்ளமும் அதில் அடக்கம். காரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேளச்சேரி மேம்பாலத்தில் மழைக்கு முன்பே காரை ஏற்றி நிறுத்தியவர்களைப் பார்த்து நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

சரி, உண்மையில் நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. எப்போது கிளம்புவது என்பதை இப்போதே முடிவு பண்ணு. 2015-ல் எங்களுக்கு சாமான் இல்லாமல் போகவில்லை. டார்ச் இருந்தது, பிரட் இருந்தது, மெழுகுவத்தி ஒரு பெட்டி இருந்தது. "இன்னும் அரை அடி ஏறட்டும், பார்க்கலாம்" என்று மாமனார் சொன்னார். அரை அடி ஏறியது. "விடியட்டும்" என்றார். விடிந்தபோது தெருவில் ஆள் உயரத் தண்ணீர். எண்பது வயதுக்காரரை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒன்றரை நாள் கழித்து மீனவர்கள் படகில் வந்துதான் இறக்கினார்கள். இருட்டில், பயத்தில், பெரியவர்களை எதிர்த்துப் பேசி யாராலும் முடிவெடுக்க முடியாது.

அதனால் ஒரு அடையாளம் வை. உன் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே சிமெண்டு மேடை இருக்கிறதே, தண்ணீர் அதன் அடியைத் தொட்டால் கிளம்ப வேண்டும். விவாதம் இல்லை. அம்மா, குழந்தைகள், மருந்துப் பை, பத்திரப் பை, நேரே என் வீட்டுக்கு. 2015-க்கு அப்புறம் நாங்கள் முதல் மாடிக்கு மாறியது இதற்குத்தான். அம்மாவிடம் இதை இப்போதே சொல்லிவிடு. "உங்க வீட்ல இடம் பத்தாது" என்பாள். பத்தும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நாலு செங்கல்லும் ஒரு முழக் கயிறும் எடுத்து வை, ஃபிரிட்ஜை உயர்த்த வேண்டும். பெரியவளுக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று காட்ட வேண்டும். அப்படியே பீரோவின் அடித்தட்டில் இருக்கும் உன் பெண்டாட்டியின் கூறைப்புடவையை மேல்தட்டுக்கு மாற்றச் சொல். என்னுடையது கீழ்த்தட்டில்தான் இருந்தது.

அக்கா