பழைய பேஸ் கிடாரின் வயரிங்கை ஏன் உடனே மாற்றித் தருவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய பேஸ் கிடாரை மேசைமேல் வைத்ததும் பலர் சொல்வது ஒன்றுதான்: "உள்ள இருக்கிற வயர், கண்டன்சர் எல்லாத்தையும் புதுசா மாத்திக் கொடுத்துடுங்க." நாங்கள் உடனே சரி என்று சொல்வதில்லை. இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள், அளந்து பார்த்துச் சொல்கிறோம் என்கிறோம். இதில் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். அதனால்தான் காரணத்தை விரிவாக எழுதுகிறோம்.

1960களில் ஃபெண்டர் நிறுவனம் செய்த பிரிசிஷன் பேஸ் ஒன்றின் பிக்கார்டை (முன்பக்கம் மூடியிருக்கும் தகட்டை) திருப்பிப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்று, வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் 250 கிலோ ஓம் பாட் (மாறும் மின்தடை) இரண்டு, ஒரு கண்டன்சர், கேபிளைச் சொருகும் ஜாக் ஒன்று. பேட்டரி கிடையாது, ஒலியைக் கூட்டித் தரும் சர்க்யூட்டும் கிடையாது. பிக்கப்பின் காயிலில் பிறக்கும் சின்ன மின்சாரம்தான் எல்லாம். அதனால் அந்தப் பாதையில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஒலியில் கை வைக்கும். வால்யூமை முழுக்கத் திறந்து வைத்தாலும் அந்த 250 கிலோ ஓம் காயிலுக்குச் சுமையாகவே நிற்கிறது. மேல் ஸ்தாயியின் கூர்மையைச் சற்று மழுக்குகிறது. அங்கே 500 கிலோ ஓம் பாட்டைப் போட்டால் ஒலி பளிச்சென்று வரும். ஆனால் அது பழைய பேஸின் ஒலியாக இருக்காது. உங்கள் கேபிளும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தாலும் ஆறு மீட்டர் கேபிள் 600 பிக்கோஃபாரட்டைக் கொண்டுவந்து சேர்க்கும், அதுவும் மேல் ஒலியைப் பாதிக்கும்.

அதிகம் கேட்கப்படுவது கண்டன்சரைப் பற்றி. டோன் குமிழைக் குறைக்கும்போது, மேல் அதிர்வெண்கள் கண்டன்சர் வழியாக எர்த்துக்குப் போய்விடுகின்றன. முழுக்கக் குறைத்தால் கண்டன்சர் காயிலோடு நேரடியாகச் சேர்ந்து, பிக்கப்பின் இயல்பான ஒத்ததிர்வைச் சில நூறு ஹெர்ட்ஸுக்கு இழுத்து வந்துவிடுகிறது. ஜமைக்காவின் ரெகே இசையில் கேட்கும் அந்த உருண்ட, கனத்த ஒலிக்கு இது ஒரு காரணம். பழைய பிரிசிஷன்களில் 0.1 மைக்ரோஃபாரட்டும், ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸ்களில் 0.05-ம் பார்க்கிறோம். இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும். ஆனால் ஒரே மதிப்புள்ள மெழுகுக் காகிதக் கண்டன்சருக்கும் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒன்றுக்கும் இந்தச் சர்க்யூட்டில் வேறுபாடு கேட்காது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. பழைய கண்டன்சர்களில் மேலே அச்சடித்த எண்ணுக்கும் உள்ளே இருக்கும் மதிப்புக்கும் இடைவெளி சாதாரணம், அதனால் மீட்டர் சொல்வதைத்தான் நம்புகிறோம். டோனை முழுக்கத் திறந்து வாசிப்பவருக்கு அந்தக் கண்டன்சரும் ஏறக்குறைய இல்லாததுபோலத்தான், நடுவில் 250 கிலோ ஓம் நிற்கிறதே.

அப்படியானால் வயரிங் மாற்றியதும் ஒலி பிரமாதமாகிவிட்டது என்று பலர் சொல்கிறார்களே? பிக்கார்டைக் கழற்ற ஸ்ட்ரிங்கைத் தளர்த்த வேண்டும். கையோடு புது ஸ்ட்ரிங்கும் போட்டுவிடுகிறோம். கேட்பது பெரும்பாலும் அந்தப் புது ஸ்ட்ரிங்கைத்தான்.

ஹம் சத்தம் வருகிறது என்று கொண்டுவருபவர்களுக்கு ஒரு விஷயம். 1951-ல் வந்த முதல் பிரிசிஷன் பேஸில் இருந்தது ஒற்றைக் காயில். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலை அது அப்படியே வாங்கிக்கொள்ளும். 1957-ல் பிக்கப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி இரண்டு தடித்த ஸ்ட்ரிங்குக்கு, மறு பாதி மெல்லிய இரண்டுக்கு. ஒன்று வாங்கும் ஹம்மை மற்றது அழித்துவிடும். எனவே பிரிந்த பிக்கப் உள்ள பேஸில் பலமாக ஹம் வந்தால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் ப்ரிட்ஜுக்கு (ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் உலோகப் பாகத்துக்கு) போகும் எர்த் வயர் நன்றாக இருக்கிறது. தொட்டதும் கூடினாலோ, விரலில் சுரீரென்று பட்டாலோ வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். சுரீரென்று பட்டால் பழுது அநேகமாக கிடாரில் இருக்காது, ஆம்ப்பிலோ (ஆம்ப்ளிஃபயரிலோ) ஹாலின் ப்ளக் பாயின்டிலோ இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் அங்கே மறுபடி ஆம்ப்பைப் போடாதீர்கள்.

ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு குறை சொல்வார்கள். ஒன்று, ஒரு வால்யூமை லேசாகக் குறைத்தாலே ஹம் வருகிறது. இரண்டும் சமமாகத் திறந்திருந்தால்தான் இரண்டு பிக்கப்பும் ஒன்றின் ஹம்மை ஒன்று அழிக்கும். சமம் குலைந்தால் வரத்தான் செய்யும். இன்னொன்று, இரண்டையும் முழுக்கத் திறந்தால் நடு ஒலி குழிந்து போகிறது. ஒரே ஸ்ட்ரிங்கை இரண்டு இடத்திலிருந்து கேட்பதால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அந்தக் குழிவுக்காகவே ஜாஸ் பேஸ் வாங்குபவர்கள் உண்டு. இரண்டுமே பழுது இல்லை. 1960-ல் வந்த முதல் ஜாஸ் பேஸ்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குமிழ்கள் இருந்தன, ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி வால்யூம், தனி டோன். 1962-ல் இரண்டு வால்யூம், பொதுவாக ஒரு டோன் என்று மாறியது. அடுக்குக் குமிழ் உள்ள பேஸ் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அதை மூன்று குமிழாக மாற்றச் சொல்லாதீர்கள்.

ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 4001 பேஸுக்கும் இதே வேண்டுகோள்தான். ப்ரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் ஒல்லியாகக் கேட்கிறது என்று பழுது பார்க்க வந்ததுண்டு. பழைய 4001-களில் அந்தப் பிக்கப்பின் வழியில் 0.0047 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றைத் தொடராக வைத்திருப்பார்கள். அது கீழ் ஒலியை வடிகட்டி மேலே உள்ளதை மட்டும் விடும். அதைத் தாண்டி வயர் போட்டால் ஒலி தடிக்கும், ஆனால் அந்தப் பேஸுக்கே உரிய, உலோகம் போன்ற கூர்மை போய்விடும்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், மெல்லிசைக் குழுவில் வாசித்த ஒரு பெரியவர் 1960களின் ஜாஸ் பேஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். மூன்று பாட்களையும் கண்டன்சரையும் மாற்றி, பழையதைக் குப்பையில் போட்டேன். பல வருடம் கழித்து அவர் அதை விற்கப் போனபோது, வாங்க வந்தவர் முதலில் கேட்டது அந்தப் பழைய பாட்களைத்தான். ஒவ்வொரு பாட் மேலும் ஓர் எண் குத்தியிருக்கும். 1376633 என்றால் 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 66 வருடம், 33 அந்த வருடத்தின் வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் என்ற இன்னொரு நிறுவனம். அந்த வாரத்துக்கு முன்னால் அந்த கிடார் பூட்டப்பட்டிருக்க முடியாது என்பதற்கு இது சாட்சி. 1966-ல் செய்த பாட்கள் அடுத்த சில வருடத்து ஃபெண்டர்களிலும் வருவதால் இதை மட்டும் வைத்து வயதை முடிவுகட்ட முடியாது. ஆனாலும் அது வலுவான சாட்சி, அதை நான் தூக்கி எறிந்திருந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கரகரப்பு காண்டாக்ட் க்ளீனர் இரண்டு சொட்டு விட்டு, குமிழை முப்பது தடவை திருப்பியிருந்தால் போயிருக்கும் என்பது இன்றும் உறுத்துகிறது.

சென்னையின் உப்புக் காற்றில் பாட்களும் ஜாக்கும் இப்படி ஆவது சகஜம். வீட்டில் துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் உள்ளே அடிக்காதீர்கள்.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்து அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிக்கப்பின் ஓம் மதிப்பு எங்கோ படித்ததைவிடக் கூடுதலாக வந்தால் பயப்பட வேண்டாம். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 10.5 கிலோ ஓம் காட்டும் பிக்கப், ஏ.சி. இல்லாத அறையில் 35 டிகிரியில் 11.1 காட்டும். யாரும் காயிலை மாற்றிச் சுற்றிவிடவில்லை, சித்திரை மாதம், அவ்வளவுதான்.

பழைய ஒலி வேண்டும் என்பவர்களிடம் நாங்கள் முதலில் காட்டுவது ஸ்ட்ரிங்கைத்தான். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷனில் கனமான ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங், ப்ரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. அறுந்தாலொழிய அந்த ஸ்ட்ரிங்கை அவர் மாற்றியதே இல்லை என்பார்கள். அந்த ஒலியில் பாதி அங்கே இருக்கிறது. மீதி அவருடைய ஒற்றை விரலில். சாதாரண பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை வெட்டி ப்ரிட்ஜ் பக்கத்தில் ஸ்ட்ரிங்குக்கு அடியில் சொருகி ஒரு மாலை வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வயரிங்கை மாற்றத் தோன்றினால் வாருங்கள், பேசுவோம்.

மாற்றவே மாட்டோம் என்று அர்த்தமில்லை. பாட் ஒன்றின் உள்தடம் தேய்ந்து நடுவில் ஒலி அறுந்தாலோ, கண்டன்சர் கசிந்தாலோ, ஜாக் பிடிப்பு விட்டுப்போனாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் முதலில் படம் எடுத்துக்கொள்கிறோம். முழு வயரிங்கும் வேண்டும் என்றால், பழைய பாட்களில் ஒன்றோடொன்று பற்றவைத்த ஈயத்தைக் கலைக்காமல் அந்தக் கொத்தை அப்படியே வெளியே எடுத்து, புதிதாக ஒரு கொத்து கட்டிப் பொருத்துகிறோம். பழைய கொத்து பையில் போட்டு, சீட்டு ஒட்டி, கிடாரோடு உங்கள் கைக்கே வரும். ஒரு திருகுகூட எங்களிடம் தங்காது.

அடுத்த முறை வரும்போது நீங்கள் வழக்கமாக வாசிக்கும் கேபிளையும் எடுத்து வாருங்கள். வரும் முன் புது ஸ்ட்ரிங் போட வேண்டாம். முன்பு வேறு யாரோ மாற்றிக் கொடுத்த பழைய பாகங்கள் வீட்டு டப்பாவில் கிடந்தால் அவற்றையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், பல சமயம் திரும்பப் பொருத்திவிடலாம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து