இரவு ரயிலும் ஒரு விமானியும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அருளுக்கு விமானிப் பயிற்சியில் இடம் கிடைத்த செய்தியை மீனாவைக் கூப்பிட்டு உரக்க இன்னொரு முறை வாசித்தேன். விமானத்தை விட்டால் பையனுக்கு வேறு உலகமே தெரியாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டிருக்கிறாய். அதனால்தான் இங்கே பிரான்சில் நான் கவனித்துவந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ழான் பத்தீஸ்த் ஜெபாரி. துலூஸிலுள்ள தேசிய சிவில் விமானக் கல்லூரியில் படித்து விமானியானவர். 2017இல் மக்ரோன் கட்சியில் நின்று, 35 வயதில் நாடாளுமன்றத்துக்குப் போனார். மறு ஆண்டே ரயில்வே சீர்திருத்த மசோதாவை அவையில் விளக்கி நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. "வானத்தில் திரிந்தவருக்குத் தண்டவாளத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ரயில் ஓட்டுநர் கொதித்தார். 2020 முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பழைய பணிப் பாதுகாப்பு இல்லை என்றது அந்தச் சட்டம். மூன்று மாதம், ஐந்து நாளுக்கு இரண்டு நாள் என்று வேலைநிறுத்தம் நடந்தது. ரயில்வே கடனில் 3,500 கோடி யூரோவை அரசு ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனாலும் அந்த ஓட்டுநரின் பக்கம்தான் என் மனம் நின்றது, இன்றும் நிற்கிறது.

2019 செப்டம்பரில் ஜெபாரி போக்குவரத்துத் துறைப் பொறுப்பேற்றார். டிசம்பரில் அரசின் ஓய்வூதியச் சீர்திருத்தத் திட்டத்தை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம். பாரிஸில் ஓட்டுநர் இல்லாத 1, 14ஆம் மெட்ரோ வழித்தடங்கள் மட்டுமே வழக்கம்போல் ஓடின. ஒன்றரை மணி நேரம் குளிரில் நடந்து வேலைக்குப் போவேன். அப்போது அவர்மேல் எனக்கு இருந்த கோபம் உனக்குத் தெரியும், பக்கம் பக்கமாக எழுதினேனே!

அந்தக் கோபத்தைத் தணித்தது 2021. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்ச் சேரக்கூடிய ஊருக்கு விமானம் வேண்டாம் என்ற சட்டம் அந்த ஆண்டு வந்தது. பாரிஸின் ஒர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் போகும் விமானங்களைக் குறிவைத்த சட்டம் அது. காலநிலைக்காகக் குலுக்கல் முறையில் சாதாரண மக்களைத் தேர்ந்து கூட்டிய குடிமக்கள் மாநாடு கேட்டது நான்கு மணி நேரம், அரசு குறைத்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் தான் கற்ற தொழிலுக்கே எல்லை போடும் சட்டத்துக்காக ஒரு விமானி அமைச்சராக நின்று வாதாடியதை நான் மதிக்கிறேன்.

அதே ஆண்டு மே மாதம், 2017 முடிவில் நிறுத்திவிட்ட பாரிஸ் - நீஸ் இரவு ரயிலும் திரும்ப ஓடத் தொடங்கியது. போன கோடையில் நானும் மீனாவும் அதில் போனோம். ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ஏறி, ஆறு படுக்கை கொண்ட அறையில் தூங்கி, விடிந்ததும் திரையை விலக்கினால் ஒரு பக்கம் சிவந்த பாறை, மறு பக்கம் நீலக் கடல். மீனா அழுதுவிட்டாள். காரைக்கால் கடற்கரை நினைவு வந்ததாம்.

2022 மே மாதத்தோடு ஜெபாரியின் பதவி முடிந்தது. பிறகு ஒரு பெரிய கப்பல் நிறுவனத்துக்குப் போக விரும்பினார். பொதுவாழ்வு நேர்மை ஆணையம் அனுமதிக்கவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அருளுக்கும் வாசித்துக் காட்டு. பயிற்சி முடிந்து அவன் பாரிஸ் வந்தால், நீஸுக்கு இரவு ரயிலில் நான் கூட்டிப்போகிறேன். மேல் படுக்கை அவனுக்கு. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
ரவி